நெடுநடையும் நீர்மோரும்

தைப்பூசத்துக்காகக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குக் காவடியோடு செல்லும் நகரத்தாரின் பாதயாத்திரை நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்பது அச்சமூகத்தின் மரபு. அந்த வழியிலும் பழனியை நோக்கி வரும் பிற வழிகளிலும் இன்று நடப்போரில் பெரும்பாலோர் ஒரு துணிப்பையும் ஒரு லிட்டர் பாட்டிலும் மட்டுமே கொண்டு பல நாள் நடக்க முடிகிறதென்றால், அவர்களுக்குரிய நீரைச் சாலையோரத்து ஊர்கள் தாங்கி நிற்பதே அதற்குக் காரணம்.

அமெரிக்காவின் மேற்கில், மெக்சிக்கோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை ஏறத்தாழ 4,265 கிலோமீட்டர் செல்லும் பசிபிக் கிரெஸ்ட் நடைபாதையில் இந்த வசதி இல்லை. அதன் தென் கலிபோர்னியப் பகுதியில் ஓர் ஊற்றுக்கும் அடுத்த ஊற்றுக்கும் இடையில் 30 கிலோமீட்டர் வரை வறண்டு கிடக்கும் இடங்கள் உள்ளன. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை ஆகையால், ஐந்தாறு லிட்டரைச் சுமப்பவரின் முதுகில் கூடாரத்தோடும் உணவோடும் மேலும் ஐந்தாறு கிலோ ஏறுகிறது. சுமை மிகுந்தால் வியர்வை மிகுகிறது, வியர்வை மிகுந்தால் சுமக்க வேண்டிய நீரும் மிகுகிறது. இந்தச் சுழலிலிருந்து வழிநடப்போரை விடுவிக்கத் தமிழகம் கண்ட ஏற்பாடே தண்ணீர்ப் பந்தல். சோழர் காலக் கல்வெட்டுகளில் அதற்கு நிலம் விடப்பட்ட செய்திகள் உண்டு. திங்களூர் அப்பூதியடிகள் திருநாவுக்கரசரின் பெயரால் பந்தல் அமைத்ததைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது.

ஆனால் நடப்பவருக்குத் தண்ணீர் கிடைத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவியிருப்பது கவலைக்குரியது. வெயிலில் விரைந்து நடப்பவருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை வியர்க்கக்கூடும். அந்த வியர்வை வெறும் நீர் அன்று, ஒரு லிட்டரில் ஏறத்தாழ ஒன்று முதல் நான்கு கிராம் வரை சமையல் உப்பைக் கொண்டு வெளியேறும் கரைசல். வெயிலுக்குப் பழகிய உழவரின் உடல் வியர்வையிலிருந்து உப்பைத் திரும்ப ஈர்த்துக்கொள்ளக் கற்றிருக்கிறது. குளிரூட்டிய அறையில் ஆண்டு முழுவதும் அமர்ந்திருந்துவிட்டு, நேர்த்திக்கடனுக்காக ஆண்டுக்கொரு முறை மட்டும் நடக்க வருபவரின் உடலுக்கு அந்தப் பழக்கம் இல்லையாதலால், அவரது வியர்வையில் உப்பு மிகுதியாகப் போய்விடுகிறது. சட்டையின் முதுகில் வெள்ளையாகப் பூத்து நிற்பது அந்த உப்புத்தான்.

இழந்த உப்பை ஈடுசெய்யாமல் வெறும் நீரையே மேலும் மேலும் குடித்தால், இரத்தத்திலுள்ள சோடியம் நீர்த்துப் போகிறது. ஒரு லிட்டர் இரத்த நீரில் 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சோடியம் 135-க்குக் கீழே இறங்குவதை மருத்துவர்கள் ஹைப்போநேட்ரீமியா, அதாவது குருதிச் சோடியக் குறைவு என்பர். நல்ல நிலையிலுள்ள சிறுநீரகமும் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரையே வெளியேற்ற வல்லது. நீண்ட நேரம் உடலை வருத்தும்போது, நீரைத் தேக்கி வைக்கச் சொல்லும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் சுரப்பதால் அந்தத் திறனும் குறைகிறது. தேங்கிய நீர் உயிரணுக்களுக்குள் புகுந்து மூளையை வீங்கச் செய்யும் நிலையில் தலைவலி, குமட்டல், மனக்குழப்பம் தொடங்கி வலிப்பு வரை செல்லும்.

இதில் அஞ்ச வேண்டிய செய்தி, தொடக்க அறிகுறிகள் நீரிழப்பின் அறிகுறிகளை ஒத்திருப்பதுதான். மயங்கி உட்கார்ந்தவரைக் கண்டதும் உடன் வந்தோர் அன்போடு அடுத்த பாட்டிலைத் திறந்து ஊட்டுவார்கள். நீர்த்துப்போன இரத்தம் அதனால் மேலும் நீர்த்துப்போகும். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களுள் இரத்தம் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போதே உடல் எடை கூடும் அளவுக்கு நீர் அருந்தியவர்களிடம் அது மிகுதியாகக் காணப்பட்டது. ஓடுவோருக்கு மட்டும் உரிய கேடு இது என்று ஒதுக்கவும் இயலாது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் நடந்து இறங்கி ஏறுவோரும் இதற்கு ஆளாவதால், உப்பிட்ட தின்பண்டத்தோடு நீர் அருந்துமாறு அங்கு அறிவுறுத்தப்படுகிறது.

இந்த அறிவு தமிழர் வீட்டுக்குப் புதிதன்று. தயிரைக் கடைந்து நீர் விளாவி, உப்பிட்டு, இஞ்சியும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட நீர்மோர் நீரையும் உப்பையும் சேர்த்தே தருகிறது. உப்பிட்ட நீராகாரமும் அத்தகையதே. சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோசும் இணைந்தே உள்ளே ஈர்க்கப்படுகின்றன, அவற்றின் பின்னால் நீர் செல்கிறது என்ற உண்மையின் மேல் எழுந்ததே உப்பு-சர்க்கரைக் கரைசல். 1971-இல் வங்காள அகதிகள் தங்கிய பன்காவ் முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் அக்கரைசலைக் கொண்டு உயிர்களைக் காத்தார். இன்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள அளவின்படி ஒரு லிட்டர் நீரில் 2.6 கிராம் சமையல் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் அவற்றோடு வேறு இரு உப்புகளும் சேர்கின்றன. வெல்லமும் சுக்கும் ஏலமும் கரைத்த பானகம் இனிப்பைத் தருகிறது. ஒரு சிட்டிகை உப்பும் எலுமிச்சைச் சாறும் கூடும்போது அதுவும் இந்தக் கரைசலை நெருங்கிவிடுகிறது.

அப்படியிருக்க, பல பந்தல்களில் மோர்ப்பானை இருந்த இடத்தை இப்போது மூடியிட்ட பாட்டில்களும் தண்ணீர்ப் பொட்டலங்களும் பிடித்துக்கொண்டிருப்பது எளிதில் கடந்துபோகத்தக்க மாற்றம் அன்று. தயிர் வாங்கி, உறையும் பதமும் பார்த்து, கடைந்து, புளிக்காமல் காத்து, குவளை கழுவி ஊற்றுவதற்கு நாலு பேர் நாள் முழுதும் நிற்க வேண்டும். பெட்டியைப் பிரித்து நீட்ட ஒருவர் போதும். அடைத்த நீர் தூய்மையானது என்பாரின் வாதமும், வழியில் கிடைக்கும் அன்னதானச் சோற்றிலேயே உப்பு இருக்கிறது என்பாரின் வாதமும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. ஆயினும் நள்ளிரவு தொடங்கி விடியும்வரை நடப்பவர் அடுத்த பந்திக்கு முன்பாகவே பத்துப் பந்தல்களைக் கடந்து, ஒவ்வொன்றிலும் மறுக்க மனமின்றி ஒரு பொட்டலம் குடிக்கிறார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. தாகம் எடுக்கும்போது தாகம் தீருமளவு குடிப்பதே உடலின் கணக்கு. கொடுப்பவரின் உபசாரத்துக்காகக் குடிப்பது அந்தக் கணக்கைக் குலைக்கிறது.

வரும் தைப்பூசத்துக்குப் பந்தல் போட எண்ணியிருப்போர் பாட்டில் பெட்டிகளின் எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்து, காய்ச்சி ஆறிய நீரில் விளாவிய மோர்ப்பானை ஒன்றையும், அருகில் ஒரு கிண்ணத்தில் உப்பையும் நறுக்கிய எலுமிச்சையையும் வைக்க வேண்டும். நடப்போர் தத்தம் மடியில் உப்பிட்ட வேர்க்கடலையோ பொரிகடலையோ ஒரு பிடி முடிந்துகொள்ள வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் மருந்து உண்போர் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு புறப்பட வேண்டும். நிறையத் தண்ணீர் குடித்த பிறகும் தலைவலியும் வாந்தியுமாக ஒருவர் தடுமாறினால், அவர் வாயில் மேலும் நீரை ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.