மடியில் ஒரு சிறு பை



அந்தக் காலத்துப் பாட்டிமார் இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப் பை இருக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, சில்லறைக் காசு, ஒரு துண்டு சுக்கு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். தாய்மார்கள் தாலிக் கொடியிலோ வளையலிலோ இரண்டு ஊக்குகளைக் கோத்து வைத்திருப்பார்கள். முள் குத்தினாலும், ரவிக்கைப் பொத்தான் அறுந்தாலும் அடுத்தவரிடம் கேட்டு நிற்க வேண்டியதில்லை. பொருள் சின்னது. ஆனால் வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அதுதான் அதன் பெருமை.

இன்று வேலைக்குப் போகும் நம்மவர் சட்டைப் பையில் என்ன இருக்கிறது? கைப்பேசி இருக்கும், சிகரெட்டுப் பெட்டி இருக்கும். உயிரைக் காக்கும் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், பலரும் சிரித்துக்கொண்டே, “அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே டிரஸ்ஸர்!” என்கிறார்கள். நான் இருப்பது உண்மைதான். ஆனால் நான் இருப்பது கிளினிக்கில். நீங்கள் இருப்பது வெளிக்காட்டில். பல தோட்டங்களில் இப்போது கிளினிக்கே கிடையாது. கோல சிலாங்கூர் மாவட்டத்து அரசாங்க ஆஸ்பத்திரி தஞ்சோங் காராங்கில் இருக்கிறது. பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்திலிருந்து அங்கே போய்ச் சேரக் கார் இருந்தாலும் அரை மணி நேரம் ஆகிவிடும். அடிபட்டவரைக் காட்டுக்குள்ளிருந்து சாலைக்குக் கொண்டு வரும் நேரம் வேறு. ஆகவே முதல் பத்து நிமிட வைத்தியம் உங்கள் கையிலும், கூட வேலை செய்பவர் கையிலும்தான் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்துக்கு வேண்டிய பொருள்களைப் பற்றித்தான் இம்மாதம் எழுதுகிறேன்.

நம் வட்டாரத்துக்கு இது மிகவும் பொருந்தும். பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்து வந்த இடத்துக்குத்தான் 2007-ஆம் ஆண்டு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியர் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டிலேயே முதன் முதலாக வியாபார முறையில் செம்பனை நட்டார். பால் மரக்காடு செம்பனைக் காடாக மாறியபோது ஆபத்தும் மாறியது. அரிவாளும், முள்ளும், மேலிருந்து விழும் குலையும், உதிரிப் பழம் தின்ன வரும் எலியும், எலியைத் தேடி வரும் பாம்பும் நம் வேலையோடு சேர்ந்தே வந்துவிட்டன.

1. ஒரு துண்டுக் காகிதம்

பையில் முதலில் வைக்க வேண்டியது மருந்து அல்ல, காகிதம். மைகார்டு உங்கள் பெயரையும் முகவரியையும் சொல்லும். உங்களுக்கு இனிப்பு நீர் இருப்பதை ஆம்புலன்ஸ்காரருக்குச் சொல்லாது. மயங்கிக் கிடப்பவர் வாய் திறந்து சொல்லவும் முடியாது. ஆகவே ஒரு சிறு அட்டையில் பெயர், என்ன வியாதி, தினமும் சாப்பிடும் மாத்திரையின் பெயரும் அளவும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, வீட்டுக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற விவரங்களை எழுதி, நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் பார்ப்பவருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் எழுதித் தரும்.

2. மூன்று தேக்கரண்டி சீனி

“இனிப்பு நீர்க்காரனையே சீனி சுமக்கச் சொல்றீங்களா?” என்று கேட்பீர்கள். ஆமாம், அவர்தான் சுமக்க வேண்டும். 2019-இல் நாடு முழுவதும் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். மருந்து சாப்பிடுகிற இவர்களில் சிலருக்கு இரத்தத்தில் சீனி திடீரென்று அளவுக்கு மீறிக் குறைந்துவிடுவது உண்டு. இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிகிளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, பசியாறாமல் பிரட்டுக்கு ஓடுகிற நாளில்தான் இது பெரும்பாலும் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை விரதம் இருந்த அம்மா ஒருவர், மாத்திரை போட்டுக்கொண்டு உதிரிப் பழம் பொறுக்கப் போய்விட்டார். ஒன்பது மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, ஏதேதோ பேச ஆரம்பித்தார். காற்று கருப்பு அடித்துவிட்டது என்று சிலர் எலுமிச்சம் பழம் தேடப் போனார்கள். பக்கத்து நிரையில் இருந்த பெண்ணின் மடியில் பிள்ளைக்கென்று வைத்திருந்த மிட்டாய் இருந்தது. அவர் இதற்கு முன் தம் தகப்பனாருக்கு இப்படி வந்து பார்த்தவர். மிட்டாயை வாயில் கொடுத்து, இனிப்புத் தேநீரும் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, “எனக்கென்ன ஆச்சு?” என்று கேட்டார்.

திடீர் வியர்வை, நடுக்கம், கடும் பசி, படபடப்பு, குழறிய பேச்சு இவைதான் அடையாளம். உடனே 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி சீனியைக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் பாருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்த பிறகு சாப்பாடு கொடுங்கள். சீனி இல்லாத ‘ஜீரோ’ பானத்தால் இந்த நேரத்தில் ஒரு பயனும் இல்லை. ஆள் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐக் கூப்பிடுங்கள்.

3. சுத்தமான பருத்தித் துணி

துவைத்து, வெயிலில் காய்ந்து, இஸ்திரி போட்டு மடித்த ஒரு பெரிய கைக்குட்டையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். இது முகம் துடைக்க அல்ல, இரத்தத்தை நிறுத்த. அரிவாளோ உளியோ வெட்டிவிட்டால் அந்தத் துணியைக் காயத்தின் மேல் வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். “நின்றுவிட்டதா பார்ப்போம்” என்று நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்தால், உறையப் போகிற இரத்தம் மறுபடியும் ஓடும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்துங்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு, புகையிலை இவற்றைக் காயத்தில் அப்ப வேண்டாம். இரத்தம் நின்றது போலத் தோன்றும், பிறகு சீழ் வைக்கும். ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுக்கும்போது வலியில் துடிக்கப் போவது நீங்கள்தான்.

பாம்பு கடித்தாலும் இதே துணி உதவும். கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் ஒரு குச்சியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். மோதிரம், வளையல், மெட்டி, காலணியைக் கழற்றிவிடுங்கள், பிறகு வீங்கிக்கொள்ளும். இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், வாய் வைத்து உறிஞ்சுவதும் கூடவே கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செம்பனை முள் பற்றியும் ஒரு வார்த்தை. மேலாகக் குத்திய முள்ளை எடுக்க ஒரு சிறு சாமணம் இருந்தால் போதும். துருப்பிடித்த ஊக்கால் கிளற வேண்டாம். விரல் மூட்டிலோ முழங்காலிலோ ஆழமாக ஏறிய முள், உள்ளே ஒடிந்து கிடந்து பல வாரம் கழித்து வீக்கம் கொடுக்கும். அதை எங்களிடம் காட்டுங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகிவிட்டதா என்பதையும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. தண்ணீரும் உப்புப் பொட்டலமும்

தண்ணீர் புட்டி கொண்டு போகிறவர்கள் பலர். ஆனால் தாகம் எடுத்த பிறகுதான் குடிக்கிறார்கள். வெயிலில் கடுமையாக உழைக்கும்போது கால் மணி முதல் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு குவளை குடிப்பது நல்லது. இருதயம், சிறுநீரக வியாதி உள்ளவர்கள் தங்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புட்டியில் குடிப்பதற்கு மேல் கொஞ்சம் எப்போதும் மிச்சம் இருக்கட்டும். களைக்கொல்லி கண்ணில் தெறித்தால் அந்தத் தண்ணீர்தான் முதல் மருந்து. இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு உடனே கழுவத் தொடங்குங்கள். ஒரு புட்டி போதாது. குழாய்த் தண்ணீருக்கு அழைத்துப் போய் இருபது நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நம் காடுகளில் விஷத்தைக் கண்ணை நோக்கிப் பீய்ச்சும் நாகமும் உண்டு. அதற்கும் முதல் உதவி தண்ணீர்தான்.

வாந்தி பேதிக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றும் பையில் இருக்கட்டும். இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1971-இல் வங்காளதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்து போன நிலையில், டாக்டர் திலீப் மகாலனோபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார். பொட்டலம் இல்லாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும், மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். உப்பு ஒருபோதும் கூடிவிடக் கூடாது.

5. ஊதல், கைவிளக்கு, கைப்பேசி

கைப்பேசி இருக்கும்போது ஊதல் எதற்கு? காட்டுக்குள் பல இடங்களில் அலை கிடைப்பதில்லை. விழுந்து கிடப்பவரால் சத்தம் போட முடியாது. ஊதலை ஊத முடியும். மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று உங்கள் கும்பலில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் பிரட்டுக்கு நடப்பவர்கள் காலடியில் வெளிச்சம் அடித்து நடந்தால், பாதையில் கிடக்கும் பாம்பை மிதிக்காமல் தப்பலாம்.

999-ஐக் கூப்பிடும்போது “இருபதாம் நம்பர் காடு” என்று சொன்னால் ஆம்புலன்ஸ்காரருக்கு விளங்காது. தோட்டத்தின் பெயர், எந்தச் சாலை, எந்த நுழைவாயில் என்று சொல்லுங்கள். ஒருவரை மோட்டார் சைக்கிளில் அனுப்பி நுழைவாயிலில் நிற்க வையுங்கள். நேரத்தையும் மிச்சப்படுத்தலாம், ஆளையும் காப்பாற்றலாம்.

6. அவரவர் மருந்து

இழுப்பு உள்ளவர் உறிஞ்சும் மருந்தை வீட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தால், இழுப்பு வரும்போது மேசையா ஓடி வரும்? அது உடம்போடு இருக்க வேண்டும். நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையை அது வந்த கண்ணாடிப் புட்டியிலேயே வையுங்கள். காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தால் சூட்டிலும் வியர்வையிலும் வீரியம் போய்விடும். வலி வந்தால் உட்கார்ந்துகொண்டு ஒரு மாத்திரை வையுங்கள். ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டால் 999.

7. பென்சிலும் சிறு நோட்டும்

இது மருந்தல்ல, உரிமை. அடிபட்டால் எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யார் பார்த்தது என்று உடனே குறித்துவிடுங்கள். வேலை இடத்து விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டிலிருந்து வழக்கமான பாதையில் வேலைக்குப் போய் வரும்போது நேர்ந்த விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. 2019 ஜனவரியிலிருந்து நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு இருக்கிறது. அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். நோட்டில் எழுதி வைத்த நான்கு வரி, பிறகு நாற்பது தடவை அலையாமல் காப்பாற்றும்.

பையில் வைக்கக் கூடாதவை

பெயர் எழுதாத மாத்திரைகளை ஒரே பொட்டலத்தில் கலந்து வைக்காதீர்கள். அடுத்தவர் வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். எல்லாவற்றையும் விட முக்கியமாக, களைக்கொல்லியைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். ஒரு மடக்கிலேயே ஆளைக் கொல்லக்கூடிய பாராகுவாட்டை 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்துவிட்டார்கள். அதனால் மற்ற மருந்துகள் எல்லாம் குடிக்கத் தகுந்தவை ஆகிவிடவில்லை. தாகத்தோடு வரும் பிள்ளைக்குப் புட்டியின் நிறம்தான் தெரியும்.

இத்தனையும் ஒரு கையளவுப் பையில் அடங்கிவிடும். தண்ணீர் மட்டும்தான் தனி. பையை மோட்டார் சைக்கிள் கூடையில் விடாமல் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். மாதா மாதம் சம்பள நாளன்று பையைக் கொட்டிப் பாருங்கள்: சீனி கசிந்திருக்கிறதா, மருந்தின் தேதி முடிந்துவிட்டதா, விளக்கு எரிகிறதா, துணி சுத்தமாக இருக்கிறதா? உள்ளே என்ன இருக்கிறது என்று உங்கள் கும்பலில் இன்னும் இரண்டு பேருக்குக் காட்டி வையுங்கள். நீங்கள் மயங்கிக் கிடக்கும்போது அந்தப் பையைத் திறக்கப் போவது அவர்கள்தான்.