விடுப்புக் கடிதத்தில் நோயின் பெயர் எதற்கு?

கர்ப்பப்பை அறுவை சிகிச்சை, மூலம், கருச்சிதைவு, மனச்சோர்வு. இதில் ஏதோ ஒன்றுக்காக இரண்டு வாரம் லீவு கேட்கப் போகிறவருக்கு மேலாளரின் "உடம்புக்கு என்ன?" என்ற கேள்விதான் பெரிய பயம். அதற்கு முழு விவரம் சொல்ல வேண்டியதில்லை. வேலை பார்க்க முடியாத நிலை, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, மருத்துவரின் சான்று. மேலாளருக்கு இவ்வளவு போதும். தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் (1947) கீழ் வரும் ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு.

கடிதத்தில், "மருத்துவக் காரணத்துக்காக இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை விடுப்பு வேண்டும். சான்றிதழை மனிதவளப் பிரிவில் கொடுக்கிறேன்" என்று எழுதினால் போதும். அதை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள். ரகசியம் முதலில் கசிவது அங்கேதான்.

அடுத்தது சான்றிதழ். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளிலுள்ள மாதிரிப் படிவத்தில் நோயைக் குறிப்பிட இடம் இருக்கிறது. அதனால் எழுதும் முன்பே, "பொதுவாக எழுத முடியுமா டாக்டர்?" என்று கேளுங்கள். 'அறுவை சிகிச்சைக்குப் பின் ஓய்வு தேவை' என்பது உண்மைதான், உறுப்பின் பெயர் வேண்டாம். பொய்யான நோயை எழுதித் தரச் சொல்லாதீர்கள். பொய்ச் சான்று கொடுத்தால் மருத்துவர் மேல் நடவடிக்கை வரும், உங்கள் வேலைக்கும் ஆபத்து. பலரும் கவனிக்காதது தாளின் தலைப்பு. உள்ளே எவ்வளவு பொதுவாக எழுதியிருந்தாலும், மேலே 'மனநல மருத்துவமனை' என்று அச்சிட்டிருந்தால் எல்லாம் தெரிந்துவிடும். உங்கள் சிகிச்சையை அறிந்த குடும்ப மருத்துவர் பரிசோதித்துச் சான்று தர முன்வந்தால் அது நல்ல வழி. எந்தத் தாளானாலும் உறையில் போட்டு ஒட்டி, பொறுப்பானவர் கையில் கொடுங்கள்.

சில நோய்களுக்குச் சட்டமே காவல். மனநல சிகிச்சை விவரங்களைக் காக்கும் கடமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை தருவோர்மீது சுமத்துகிறது. அதே ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி, வேலை தர எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது. காசநோயை மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆனால் அந்தத் தகவல் போவது சுகாதாரத் துறைக்கு, உங்கள் முதலாளிக்கு அல்ல.

ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள் மறைப்பதாக நினைத்துப் பணத்தை இழந்துவிடக் கூடாது. சந்தா நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு நீட்டித்த உதவியும் உண்டு. அங்கே ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடம் எதையும் ஒளிக்காதீர்கள். குழுக் காப்பீடு என்றால், கட்டணமில்லாச் சிகிச்சைக்கான காகிதங்களை மருத்துவமனையே காப்பீட்டுத் தரப்புக்கு அனுப்பும். டிஸ்சார்ஜ் சம்மரியை அலுவலக மின்னஞ்சலில் சுற்றவிடத் தேவையில்லை.

ஓட்டுநர், கிரேன் இயக்குபவர் போன்றவர்களுக்கு வலிப்போ மயக்கமோ வந்தால் கதை வேறு. பிறர் உயிரும் சம்பந்தப்பட்டிருப்பதால் நிறுவன மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

வேலைக்குத் திரும்பும்போது கேட்கும் உடல்தகுதிச் சான்றிலும் இதே கவனம் வேண்டும். 'பணிக்குத் திரும்பலாம், 2 மாதம் பாரம் தூக்கக் கூடாது' என்று மருத்துவர் எழுதினால், மேற்பார்வையாளர் அதை வைத்தே வேலையை மாற்றித் தர முடியும்.