வெள்ளை மாளிகையிலிருந்து புதுவைக்கு!

திருவண்ணாமலையில் வெள்ளைக்காரர் ஒருவர் வேட்டி கட்டிக்கொண்டு கிரிவலம் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1931-ல் பால் பிரண்டன் வந்து ரமணரைக் கண்ட பிறகு, கடல் கடந்து வருபவர்கள் அந்த ஊருக்குப் பழகிப்போய்விட்டார்கள். அங்கிருந்து கிழக்கே செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்றால் சுமார் 100 கிலோ மீட்டரில் புதுச்சேரி. அந்தக் கடற்கரை ஊருக்கும் ஒரு பெண்மணி வந்தார். சாதாரணப் பெண்மணி அல்ல. அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனின் மூத்த மகள் மார்கரெட்!

தாயின் இடத்தில் மகள்

அமெரிக்காவில் ஜனாதிபதியின் மனைவியை "முதல் பெண்மணி" என்பார்கள். விருந்தினரை வரவேற்பதும் உபசரிப்பதும் அவர் பொறுப்பு. மனைவி இல்லாவிட்டால்? வீட்டுப் பெண் யாராவது அந்த இடத்தில் நிற்க வேண்டியதுதான். 1857 முதல் 1861 வரை ஜனாதிபதியாக இருந்த புக்கானன் கலியாணமே செய்துகொள்ளாதவர். அவருடைய சகோதரி மகள் ஹாரியட் லேன்தான் அப்பொறுப்பை வகித்தார்.

மார்கரெட்டுக்கும் அந்த நிலை வந்தது. அவர் 1886-ல் பிறந்தவர். முறைப்படி சங்கீதம் பயின்றவர். 1914 ஆகஸ்டு 6-ந் தேதி, ஐரோப்பாவில் யுத்தம் மூண்ட அதே வாரத்தில், தாயார் எல்லன் சிறுநீரக நோயால் வெள்ளை மாளிகையிலேயே காலமானார். துக்கத்தோடு துக்கமாக மகள் அந்தப் பொறுப்பை ஏற்றார். 1915 டிசம்பரில் தந்தை மறுமணம் செய்துகொண்டார். மார்கரெட் பாட்டுக்குத் திரும்பினார். யுத்த காலத்தில் ராணுவ முகாம்களில் ஓயாமல் பாடினார். குரல் கெட்டதுதான் மிச்சம்.

1924-ல் தந்தையும் மறைந்தார். பிறகு ஒரு நாள் நியூயார்க் நூலகத்தில், கீதை பற்றி அரவிந்தர் எழுதிய நூல் கையில் கிடைத்தது. நூலகத்தை மூடும் நேரம் வந்தும் எழுந்திருக்க மனமில்லாமல் படித்தாராம்.

அடைத்த கதவு

1938-ல் புதுவை வந்து சேர்ந்தார். அப்போது வயது 52. "நிஷ்டா" என்று பெயர் சூட்டினார் அரவிந்தர். ஒரே குறிக்கோளில் அசையாத பற்று என்பது அதன் பொருள்.

ஆனால் பெயர் கிடைத்ததே தவிர, பெயர் சூட்டியவரைப் பார்க்க முடியவில்லை! அந்நாளில் அரவிந்தர் ஆண்டுக்கு மூன்று முறைதான் தரிசனம் தருவார். நவம்பர் 24-ந் தேதி அதில் ஒன்று. அதற்காகத்தான் அத்தனை தூரம் வந்திருந்தார் நிஷ்டா. விடிந்தால் தரிசனம். அன்று பின்னிரவில் அறையில் நடந்த அரவிந்தர் கால் இடறி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. தரிசனம் இல்லை என்றார்கள்.

ராஜதந்திரிகளை வாசலில் நின்று வரவேற்ற கை. இப்போது இன்னொருவர் வாசல் திறக்கக் காத்திருந்தது. மூட்டை கட்டிக்கொண்டு திரும்பியிருந்தால் யார் குறை சொல்வார்கள்? நிஷ்டா திரும்பவில்லை. 1939 ஏப்ரல் 24-ந் தேதிதான் மறுபடி தரிசனம் நடந்தது. ஐந்து மாதம்!

அதன் பிறகும் அவர் ஊர் திரும்பவில்லை. ராமகிருஷ்ணரின் அமுத மொழிகளைச் சுவாமி நிகிலானந்தர் ஆங்கிலமாக்கியபோது, நடையைச் செப்பனிட உதவியவர்களில் அவரும் ஒருவர். அந்த நூல் 1942-ல் வெளிவந்தது.

தாயாரைக் கொண்டுபோன சிறுநீரக நோய் மகளையும் பிடித்தது. அமெரிக்கா சென்று சிகிச்சை பெறும்படி சொன்னார்கள். உடம்பை அங்கே பார்த்துக்கொள்வார்கள், ஆன்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டு மறுத்துவிட்டாராம். 1944 பிப்ரவரி 12-ந் தேதி புதுவையிலேயே காலமானார். அங்குள்ள கிறிஸ்தவக் கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள்.