கப்பலுக்கு உள்ள கணக்கு பைக்குக்கு ஏன் இல்லை?

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தூத்துக்குடி டபிள்யூ.ஜி.சி. ரோட்டுக்கோ வி.இ. ரோட்டுக்கோ போய்ட்டு வந்த யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "வண்டி விட இடமே இல்ல." அடுத்த வரியும் தயாரா இருக்கும்: "அடுக்குமாடி பார்க்கிங் கட்டணும்." முதல் வரி எந்த அளவுக்கு உண்மை என்று எண்ணிப் பார்த்துவிட்டு இரண்டாவதுக்குப் போகலாம் என்பது என் கட்சி.

துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதுசு இல்லை. பெர்த் எத்தனை சதவீத நேரம் நிரம்பியிருக்கலாம் என்பதற்கு ஐ.நா.வின் அங்க்டாட் அமைப்பு துறைமுகத் திட்டமிடல் கையேட்டில் ஒரு அட்டவணையே போட்டிருக்கிறது. ஒரே ஒரு பெர்த் என்றால் 40%, ஆறு முதல் பத்து வரை இருந்தால் 70%. "மீதி நேரம் சும்மா கிடக்கணுமா?" என்று கேட்கத் தோன்றும். ஆமாம், கிடக்கணும். கப்பல்கள் சொல்லி வைத்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வராது. ஒரே நாளில் மூன்று வரும், அடுத்த இரண்டு நாள் ஒன்றுமே வராது.

சர்வர் லோடு பார்ப்பவர்களுக்கும் இது தெரியும். ஒரே ஒரு இடம், எப்போது வருவார்கள் என்று தெரியாத வரத்து என்று வையுங்கள். வரிசைக் கோட்பாட்டின் எளிய சூத்திரப்படி, இடம் 50% நிரம்பியிருந்தால் சராசரிக் காத்திருப்பு ஒருவருடைய வேலை நேரத்துக்குச் சமம். 80% ஆனால் நாலு மடங்கு. 90% ஆனால் ஒன்பது மடங்கு. கடைசிப் பத்து சதவீதம்தான் உயிரை வாங்கும்.

கப்பல் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். பைக்காரர் என்ன செய்வார்? ரோட்டையே இரண்டு தடவை சுற்றுவார், இல்லாவிட்டால் நிற்கிற வண்டிக்குப் பின்னால் இன்னொரு வரிசை போடுவார். நாம் டிராஃபிக் என்று திட்டுவதில் ஒரு பங்கு, இப்படி இடம் தேடி அலைகிற வண்டிகள். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005-ல் வெளியிட்ட புத்தகத்தில் தெருவோர பார்க்கிங்குக்குச் சொன்ன இலக்கு சுமார் 85%. அதாவது ஏழெட்டு இடத்துக்கு ஒன்று எப்போதும் காலியாக இருக்க வேண்டும்.

சரி, எப்படி எண்ணுவது? ஒரு முக்குக்கும் அடுத்த முக்குக்கும் நடுவில் ஒரு துண்டு ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை நடந்து, நிற்கிற ஒவ்வொரு வண்டியின் நம்பரிலும் கடைசி நாலு இலக்கத்தைக் குறிக்கணும். பைக், கார், ஆட்டோ, சரக்கு இறக்கும் குட்டியானை எல்லாம் தனித்தனிப் பத்தி. ஒரு வார நாள், ஒரு சனிக்கிழமை போதும். பனிமய மாதா திருவிழா நாட்களும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் வேண்டாம், அது தனி உலகம். ஒரே நம்பர் எத்தனை சுற்றில் திரும்ப வருகிறது என்று பார்த்தால் வண்டி எவ்வளவு நேரம் நின்றது என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு பொறி உண்டு. பத்து நிமிஷம் நிறுத்தி மக்ரூன் வாங்கிக்கொண்டு போகிறவர் மூன்று பேரில் ஒருவர்தான் அரை மணிச் சுற்றில் சிக்குவார். காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிற வண்டி எல்லாச் சுற்றிலும் சிக்கும். அதனால் வந்துபோனவர்களின் உண்மையான எண்ணிக்கை உங்கள் நோட்டில் இருப்பதைவிட அதிகம்.

காலை பத்திலிருந்து ராத்திரி பத்து வரை அசையாத அந்த வண்டிகள் யாருடையவை? கடைத்தெருவில் பெரும்பாலும் கடைக்காரருடையதும் கடையில் வேலை பார்ப்பவர்களுடையதும்தான். ஒரு உதாரணத்துக்கு, நூறு பைக் நிற்கிற ஒரு துண்டில் 30 அப்படி என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் சராசரியாக முக்கால் மணி நேரம் நின்றால், பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு இடம் 16 பேருக்கு உதவும். 30 இடம் என்றால் 480 பேர். 85% கணக்குப் போட்டாலும் 400-க்கு மேல். கடைக்காரர் தன் வாசலிலேயே அத்தனை பேரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

அடுக்குமாடி கட்டினால்? சாலையில் சும்மா விடலாம், கட்டடத்தில் காசு என்றால் சாலைதான் முதலில் நிரம்பும். திறந்தவெளியிலேயே ஒரு காருக்கு வந்துபோகும் வழியும் சேர்த்து 23 சதுர மீட்டர் என்பது நம்ம ஊர்த் திட்டமிடலில் புழங்கும் கணக்கு. அதை மாடி மேல் மாடியாக, சாய்தளத்தோடு கட்டும் செலவை யோசியுங்கள். சென்னை தி.நகரில் 200-க்கு மேல் காரும் 500-க்கு மேல் இருசக்கர வண்டியும் நிற்கும்படி ஒன்று கட்டினார்கள். பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கி, சாலையோர இடத்தைக் குறைத்த பிறகு வந்த கட்டடம் அது. அந்த வரிசையாவது சரி.

துறைமுகம் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது. பெர்த் வாடகை கப்பலின் அளவுக்கும் நிற்கிற மணிக்கும் ஏற்ப ஏறும். வேலை முடிந்த கப்பல் ஒரு மணி நேரம்கூட சும்மா நிற்காது. தெருவில் வாங்குகிற டோக்கனிலும் மணிக்கணக்கு இருக்கணும்: முதல் அரை மணி இலவசம், அப்புறம் ஏறுமுகம். நாள் முழுக்க ஒரே ரேட் என்றால் நாள் முழுக்க நிற்பவருக்குத்தான் லாபம்.

ஆனால் இதில் அடிபடப்போவது யார் என்றும் பார்க்கணும். ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பையன் சம்பளத்தில் மணிக்கு இவ்வளவு என்று பிடித்தால் அது அநியாயம். அவர்களுக்கு ஐந்து நிமிஷ நடையில் ஒரு காலி மனை, மாசத்துக்கு சின்னத் தொகையில் பாஸ், அதைக் கடை முதலாளி கட்டணும். வசூலாகும் காசு அதே ரோட்டுக்குத் திரும்பி வரணும். கலிபோர்னியாவின் ஓல்ட் பாசடீனாவில் 1993-ல் மீட்டர் வைத்தபோது எதிர்த்த கடைக்காரர்களை மாற்றியது இந்த ஒரு வாக்குறுதிதான்: மீட்டர் காசு அவர்கள் கடைமுன் நடைபாதைக்கே போகும் என்றார்கள், போனது.

நோட்டோடு கிளம்புகிறவர்களுக்கு இன்னொன்று. குட்டியானை சரக்கு இறக்கும் நேரத்தைத் தனியாகக் குறியுங்கள். காலை பத்து மணிக்குள் அதை முடிக்க முடியுமா என்பதைக் கடைக்காரர்களிடம் கேட்க அந்த ஒரு பத்தியே போதும்.