வீட்டில் கோழி வளர்க்கிறீர்களா? சட்டத்தையும் அண்டை வீட்டாரையும் மறக்க வேண்டாம்

கொல்லையில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்ப்பது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. பிள்ளைகளுக்கு முட்டை, விருந்தாளி வந்தால் கறி, அவசரத்துக்குப் பெண்கள் கையில் கொஞ்சம் காசு என்று அதில் பல பயன்கள் உண்டு. ஆனால் சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் நிற்கும் இன்றைய தெருக்களில், அதே கோழி சண்டைக்கும் காரணமாகிவிடுகிறது.

2025 பிப்ரவரியில் கேரளாவின் பத்தனம்திட்டா மாவட்டம் அடூரில் நடந்ததைப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சேவல் அதிகாலை மூன்று மணிக்கே கூவித் தூக்கத்தைக் கெடுப்பதாக முதியவர் ஒருவர் புகார் கொடுத்தார். கோட்டாட்சியர் இரு தரப்பையும் விசாரித்து, இடத்தையும் பார்த்தார். பிறகு மாடியில் இருந்த கோழிக்கூண்டை 14 நாட்களுக்குள் வீட்டின் தெற்குப் பக்கத்துக்கு மாற்றும்படி உத்தரவிட்டார். கோழி வளர்க்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. கூண்டு இருந்த இடம்தான் பிரச்சினை.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டுத் தேவைக்குச் சில கோழிகள் வளர்ப்பதை நாடு முழுவதும் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் அது பிறருக்குத் தொல்லையாகக் கூடாது.

• 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின்படி, பொதுத் தொல்லையை அகற்றக் கோட்டாட்சியர் நிபந்தனை உத்தரவு போடலாம். ஆட்சேபம் இருந்தால் நேரில் ஆஜராகிச் சொல்லலாம். இரண்டையும் செய்யாவிட்டால் உத்தரவு இறுதியாகிவிடும், தண்டனையும் உண்டு.

• பொதுத் தொல்லைக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 292-ஆவது பிரிவின்படி ரூ.1,000 வரை அபராதம் விதிக்கலாம்.

• நாற்றம், ஈ, கழிவு என்று சுகாதாரக் கேடு ஏற்பட்டால் உள்ளாட்சி அமைப்பு நோட்டீஸ் அனுப்பலாம். விதிகள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், நகராட்சி அல்லது மாநகராட்சியின் சுகாதார ஆய்வாளரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. வாடகை வீட்டில் இருப்போர் உரிமையாளரிடமும், அடுக்குமாடியில் இருப்போர் சங்கத்திடமும் கேட்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

முட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க வைப்பதற்குத்தான் சேவல் வேண்டும். நெருக்கமான தெருவில் பெட்டைகளை மட்டும் வளர்த்தாலே பாதிப் புகார் குறைந்துவிடும். கூண்டைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குத் தள்ளி வையுங்கள். எச்சத்தைத் தினமும் அள்ளுங்கள், சாக்கடையில் கொட்டாதீர்கள். கோழிகளைத் தெருவில் அலைய விடாதீர்கள்.

கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமைத் தவறவிடாதீர்கள். கோழிகள் திடீரென்று அடுத்தடுத்துச் செத்தால் அறுத்துச் சமைக்காமல், உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் வீட்டுக் கோழிகளும் அழிக்கப்படும். அழிக்கப்படும் கோழிகளுக்கு அரசு இழப்பீடு தரும். மறைத்தால் நோய் ஊருக்கே பரவும்.

பக்கத்து வீட்டார் குறை சொன்னால் கோபப்படாமல் கேட்டு, கூண்டை மாற்றிவிடுங்கள். அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. இரண்டு வீட்டார் பேசித் தீர்க்க வேண்டியதைக் கோட்டாட்சியர் அலுவலகம் வரை கொண்டுபோக வேண்டியதில்லை.