வாயில்லா ஜீவனுக்கும் பல்வலி!

எங்கள் வீட்டு நாய் மணிக்கு 8 வயது. சில மாதமாக வாயில் ஒரே நாற்றம். 'கிட்ட வராதே' என்று விரட்டி, வராந்தாவில் கட்டிப் போட்டோம். ஒருநாள் சோற்றை முகர்ந்துவிட்டு, அப்படியே படுத்துக் கொண்டது. 'கொழுப்பு ஜாஸ்தியாப் போச்சு' என்று திட்டினேன்.

கால்நடை மருத்துவர் அதன் உதட்டைத் தூக்கிக் காட்டியதும், பதறிப் போனேன். பல்லெல்லாம் காரை, ஈறு வீங்கி ரத்தம்! மயக்க மருந்து கொடுத்து, காரையைச் சுரண்டி, ஆடிய 2 பற்களைப் பிடுங்கினார்.

இப்போது தினமும் இரவில், விரலில் மெல்லிய துணியைச் சுற்றி, நாய்களுக்கான பேஸ்ட்டைத் தொட்டுத் தேய்த்து விடுகிறேன். நாம் பயன்படுத்தும் பேஸ்ட் கூடாதாம். நாய்க்குக் கொப்பளிக்கத் தெரியாது, விழுங்கிவிடும். சில பேஸ்ட்டில் உள்ள சைலிட்டால் அதற்கு விஷம்!

மணி பழையபடி தட்டை நக்கிக் காலி செய்கிறது. நான் திட்டியதை நினைத்தால்தான் மனசு உறுத்துகிறது. நாய் வளர்க்கும் தோழியரே... நாற்றம் அடித்தால் விரட்டாதீர்கள். வாயைத் திறந்து பாருங்கள்!

- ஒரு வாசகி, திருநெல்வேலி.