சாப்புடு கண்ணு... ஆனா, கேட்டுட்டுக் குடு!

கோவைப் பக்கம் எந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சாலும், தண்ணிச் சொம்போட சேர்ந்து வர்ற வார்த்தை, "சாப்புட்டுப் போ கண்ணு!" வேண்டாமுங்கன்னு சொன்னாலும் விட மாட்டாங்க. ஸ்கூல்லயும் அதே கதைதான். ஒரு டிபன் பாக்ஸைத் திறந்தா ஒன்பது கை நீளும். பர்த்டேன்னா கிளாஸ் முழுக்க சாக்லேட். நம்ம ஊரு பாசம் பாஸ் இது! ஆனா, இந்தப் பாசத்தைப் பார்த்து பயப்படுற குட்டிப் பசங்களும் அதே கிளாஸ்ல இருக்காங்க.

வேர்க்கடலை, பால், முட்டை, முந்திரி, கோதுமை, இறால்... இதுல ஏதோ ஒண்ணு அவங்களுக்கு அலர்ஜி. வயித்து வலியோட போற சமாச்சாரம் இல்லை. உணவில் இருக்கிற புரதத்தை, உடம்போட எதிர்ப்பு சக்தி 'எதிரி'ன்னு தப்பா நினைச்சு சண்டைக்குக் கிளம்பிடும். தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல், மயக்கம்னு சில நிமிஷத்துலயே உயிருக்கு ஆபத்தாகலாம். டாக்டர்கள் பாஷையில, அனாஃபிலாக்சிஸ்.

கர்நாடகப் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2020-ல் வெளியான ஆய்வு, உணவு அலர்ஜி இருக்கிறவங்க சுமார் 0.14 சதவிகிதம்னு சொல்லுது. ஆயிரம் பேர் படிக்கிற ஸ்கூல்ல ஒண்ணோ, ரெண்டோ! 'இவ்ளோதானா?'ன்னு கேட்காதீங்க. ஒரே ஒருத்தர்ங்கறதாலதான் சுத்தி இருக்கிற யாருக்கும் விஷயம் தெரியறதில்லை.

நம்ம சத்துணவையே எடுத்துக்குங்க. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் உண்டு. எல்லாரும் ஒரே மாதிரி சாப்பிடணும்னு அவசியமில்லைன்னு தமிழ்நாடு எப்பவோ ஒத்துக்கிட்டாச்சு. ஆனா, அலர்ஜிக்கு அது மட்டும் பத்தாது. முட்டை மசாலா கிண்டின கரண்டி சாதத்துல பட்டாலே சிலருக்குப் பிரச்னை. கடலை அலர்ஜிக்காரங்க கடலை மிட்டாயை ஒதுக்கினா மட்டும் போதாது. நல்லா சுத்திகரிச்ச கடலை எண்ணெயில் புரதம் அநேகமா இருக்காது. நாம பெருமையா வாங்குற செக்கு எண்ணெயில் இருக்கும்! கடையில வாங்குற பாக்கெட்ல, அலர்ஜி தரும் பொருள் இருந்தா அச்சடிக்கணும்னு விதி இருக்கு. டிபன் பாக்ஸுக்கு ஏது லேபிள்?

நிறைய தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிற டொரண்டோ நகரம், கனடாவோட ஒண்டாரியோ மாகாணத்துல இருக்கு. அங்கே 2003-ல, சப்ரினா ஷானன்ங்கற 13 வயசுப் பொண்ணு ஸ்கூல் கேன்டீன்ல உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டு இறந்துபோனா. அவளுக்குப் பால் அலர்ஜி. சீஸ் பட்ட இடுக்கியால வறுவலை எடுத்துக் கொடுத்ததுதான் காரணமா இருக்கும்னு சந்தேகம். 2006 ஜனவரி 1 முதல் 'சப்ரினா சட்டம்' அமலுக்கு வந்தது. அலர்ஜி உள்ள ஒவ்வொரு மாணவருக்கும் தனித் திட்டம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி... எல்லாம் கட்டாயம்.

நாம சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா? இதையெல்லாம் நாளைக்கே செய்யலாமே...

★ அட்மிஷன் ஃபாரத்துல 'என்ன அலர்ஜி?'ன்னு ஒரு வரி. பதிலைக் கிளாஸ் டீச்சர், சமையலம்மா, வேன் டிரைவர் மூணு பேருக்கும் சொல்லிடணும்.

★ அனாஃபிலாக்சிஸுக்கு முதல் மருந்து, தொடையில் போடுற அட்ரினலின் ஊசி. அவில் மாத்திரையைக் கொடுத்துட்டு 'பார்க்கலாம்'னு உட்காரக் கூடாது. பேனா மாதிரி ரெடிமேட் ஊசி எல்லா மருந்துக்கடையிலயும் கிடைச்சுடாது. அதனால, பக்கத்துல எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு முன்னாடியே முடிவு பண்ணிடணும். உடனே 108.

★ குழந்தையைப் படுக்க வெச்சுக் காலை உயர்த்தணும். மூச்சுத் திணறினா உட்கார வைக்கலாம். எழுப்பி நடக்க விடக் கூடாது.

★ பர்த்டேக்கு சாக்லேட்டுக்குப் பதில் பென்சில் கொடுங்க. யாரையும் ஒதுக்க வேண்டி வராது.

முக்கியமா, தனி பெஞ்ச் வேண்டாம். 'இவனுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?'ங்கற கிண்டலும் வேண்டாம். எங்க காலேஜ் லேப்ல தீயணைப்பு சிலிண்டர் மாட்டியிருக்காங்க. தினம் தீப்பிடிக்கும்னா? என்னிக்காவது பிடிச்சா ஓடி வந்து தேடக்கூடாதுன்னுதான்.

கொடுக்கிற கை கொங்கு மண்ணோட அடையாளம். 'உனக்கு இது ஒத்துக்குமா கண்ணு?'ன்னு ஒரு கேள்வியையும் அதோட சேர்த்துக்கிட்டா, பாசம் குறைஞ்சா போயிடும்?